முள் மூச்சு விட்ட அறை

ஊரில் பாதிப் பேருக்கு அவருடைய சொந்தப் பெயர் தெரியாது. முள்ளுக்காரர் என்று கேட்டால் சின்னப் பிள்ளைகூடக் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போய் வாசலில் விட்டுவிடும். ஆக்சிஜன் சிலிண்டரின் தலைமேல் உட்கார்ந்திருக்கும் மீட்டரில் ஒரு முள் இருக்கும் அல்லவா, அந்த முள்ளை வைத்து வந்த பெயர் அது. பட்டம் கட்டியவர்கள் கேலியாகத்தான் கட்டினார்கள். அவர் அதையே பெரிய எழுத்தில் போர்டாக எழுதித் தன் சிலிண்டர் டிப்போ வாசலில் மாட்டிவிட்டார். கேலியையே முதலாகப் போட்டுப் பிழைக்கத் தெரிந்தவனை யாரால் என்ன செய்ய முடியும்?

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டுவிட்டு, சிலிண்டர் உருட்டும் கூலியாகத் தொழிலுக்குள் வந்தவர். ஆளுயரச் சிலிண்டரைக் கொஞ்சம் சாய்த்து, அடி விளிம்பில் நிறுத்தி, கழுத்தைப் பிடித்துச் சுழற்றியபடி நடக்க வேண்டும். மற்றவர்கள் ஒன்றை உருட்டவே நாக்குத் தள்ளுவார்கள். அவர் வலக்கைக்கு ஒன்று இடக்கைக்கு ஒன்று என்று உருட்டிக்கொண்டு, வாயில் பாட்டும் பாடிக்கொண்டு போவார். இன்றைக்கு ஜிம் ஜிம் என்று அலைகிற பையன்களை வரச் சொல்லுங்கள், பார்க்கலாம். உருட்டி உருட்டியே சொந்த ஷெட், இரண்டு வேன், மாடி வீடு என்று நிமிர்ந்துவிட்டார்.

தொழிலில் அவருக்கென்று ஒரு முறை உண்டு. சிலிண்டரைக் கொண்டுபோய் இறக்கியதும் மீட்டரை மாட்டி, திறந்து, முள் எங்கே நிற்கிறதோ அந்த இடத்தில் கண்ணாடி மேல் சிவப்புப் பேனாவால் ஒரு கோடு போடுவார். வாங்குகிறவர் கண்ணெதிரில்தான் போடுவார். அப்புறம் தகராறு என்று வந்தால் கோட்டைக் காட்டுவார்.

"முள்ளு பொய் சொல்லாதுப்பா. மனுஷன்தான் சொல்லுவான்."

இந்த ஒரு வாக்கியத்தால் எத்தனையோ வாயை அடைத்திருக்கிறார். இரும்பு கேட் செய்கிற வெல்டர் ஒருவன் அடிக்கடி வந்து மல்லுக்கு நிற்பான். "அண்ணே, சாயங்காலம் கோட்டுல இருந்த முள்ளு காலையில கீழே இறங்கியிருக்கு. நான் பத்தவைக்கவே இல்ல."

"அப்ப உன் சிலிண்டருக்கு ராத்திரி தாகம் எடுத்திருக்கும். ஒரு சொம்புத் தண்ணி வச்சிட்டுப் படு."

டிப்போவே சிரிக்கும். வெல்டர் முறைத்துக்கொண்டே போவான்.

இப்படி வீட்டுக்கு வீடு மூச்சு விற்றுக்கொண்டிருந்தவரின் வீட்டுக்குள்ளேயே ஒரு நாள் சிலிண்டர் வந்து நின்றது. அவர் மனைவிக்கு நுரையீரல் சுருங்கிக்கொண்டே வந்தது. மாத்திரை, ஊசி எல்லாம் பார்த்தாகிவிட்டது. கடைசியில் டாக்டர், வீட்டிலேயே வைத்து மூக்குக் குழாயில் ஆக்சிஜன் கொடுங்கள், நிமிஷத்துக்கு ஒரு லிட்டர் போதும் என்று அனுப்பிவிட்டார். அந்த அம்மாள் படுத்தால் மூச்சு முட்டும் என்று தலையணைகளை அடுக்கி உட்கார்ந்தபடியே தூங்குவாள். சிலிண்டர் கால்மாட்டில் நிற்கும். பக்கத்தில் காற்று கடந்துபோகும் பாட்டிலில் தண்ணீர் குமிழி விட்டுக்கொண்டிருக்கும். வேர்த்தால் மூச்சு வாங்கும் என்று முள்ளுக்காரர் தானே முடிவு செய்து, ஏ.சி.யை இருபத்திரண்டில் வைத்து, ரிமோட்டைத் தன் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். அந்த வீட்டில் எந்த முடிவும் அந்தப் பையைத் தாண்டி வெளியே போனதில்லை.

இரவில் பார்த்துக்கொண்டது மருமகள். மாமியாரும் மருமகளும் ஒரு காலத்தில் அடுப்படியில் கீரியும் பாம்புமாக நின்றவர்கள்தான். உப்புக்குச் சண்டை, ஊறுகாய்க்குச் சண்டை. நோய் வந்த பிறகு என்ன மாயமோ, அறைக்குள்ளிருந்து இரண்டு பேரும் சிரிக்கிற சத்தம் கேட்கும். முள்ளுக்காரர் அதைக் கவனிக்கவில்லை. பத்து மணிக்கு உள்ளே போவார், முள்ளைப் பார்ப்பார், கோடு போடுவார், முன்கூடத்தில் வந்து படுத்துக்கொள்வார்.

மகன் வேனோடு வெளியூர் போயிருந்த ஒரு நாள், விடியுமுன்பே மருமகள் வந்து அவரை எழுப்பினாள். எல்லாம் முடிந்துபோயிருந்தது.

ஆட்கள் கூடினார்கள். அறைக்குள் நிற்க இடமில்லை என்று டிப்போ ஆட்கள் சிலிண்டரை மீட்டரோடு உருட்டிக்கொண்டு போய்ப் பின்புறத்துச் சிமெண்டுத் தரையில் நிறுத்தினார்கள். நல்ல வெயில். மகனும் வந்து சேர்ந்தான். போய்ச் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டு எல்லாரும் திரும்பியபோது பிற்பகல் ஆகிவிட்டது. கை கால் கழுவப் பின்பக்கம் போன முள்ளுக்காரர் சிலிண்டரைப் பார்த்தார். ஒரு கையை அதன்மேல் ஊன்றப் போய், சூடு தாங்காமல் எடுத்துக்கொண்டார். பிறகு கண் மீட்டருக்குப் போனது. பழக்கம் விடுமா?

முள் கோட்டின்மேல் நின்றது. முந்தின நாள் பத்து மணிக்கு அவர் போட்ட சிவப்புக் கோடு, நூறில். முடி அளவுகூட இறங்கவில்லை.

ராத்திரி முழுக்க ஒருத்தி மூச்சு இழுத்திருந்தால் முள் எப்படி அங்கேயே நிற்கும்?

கூடத்துக்கு வந்தபோது அவர் முகம் பேயறைந்தது போலிருந்தது. உறவுக்காரர்கள் அத்தனை பேர் முன்னாலும் மருமகளைக் கேட்டார். "எத்தனை மணிக்கு மூடுன?"

"என்ன மாமா?"

"காத்தை. திருகை எப்ப மூடுனன்னு கேக்குறேன்."

"மூச்சு நின்னப்புறம்தான் மாமா. நாலு மணி தாண்டியிருக்கும். அதுவரைக்கும் பாட்டில்ல குமிழி வந்துக்கிட்டேதான் இருந்துச்சு."

"ஒரு சொட்டுக் காத்து குறையலியே. முள்ளு கோடு போட்ட இடத்துல நிக்குது. போட்டுட்டு நான் தலையைத் திருப்பினதும் மூடியிருக்க. நான் கட்டினவளைக் காத்தில்லாமத் துடிக்க விட்டிருக்க நீ!"

"மாமா, நான் மூடல. சத்தியமா மூடல."

"முள்ளு வேற சொல்லுதே!"

"அப்ப முள்ளுகிட்டயே கேட்டுக்குங்க," என்றாள் அவள்.  மகன் அம்மாவின் தலையணையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவளையும் பார்க்கவில்லை, அப்பாவையும் பார்க்கவில்லை. அவளுடைய அண்ணன் எழுந்து வந்தான். "வாம்மா. இரும்புக் குண்டை நம்புற வீட்ல மனுஷனுக்கு என்ன வேலை?" என்று கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய்விட்டான்.

சிலிண்டரை டிப்போவுக்கு எடுத்துப்போக முள்ளுக்காரர் விடவில்லை. அது சாட்சி. மறுபடி அந்த அறைக்கே கொண்டுவந்து பழைய இடத்தில் நிறுத்தினார். மேல் வால்வு திறந்தபடி, மூக்குக் குழாய்க்குப் போகும் திருகு இறுக மூடியபடி, அப்படியே. தானும் அந்த அறையிலேயே படுக்க ஆரம்பித்தார், அவள் கட்டிலில், அதே இருபத்திரண்டில்.

மறுநாள் காலை கண் விழித்ததும் மீட்டரைப் பார்த்தார். முள் கோட்டுக்குக் கீழே இருந்தது. பச்சரிசி அகலம் இருக்கும்.

முதலில் கசிவு என்று நினைத்தார். சோப்பு நுரையைக் குழைத்து வால்வின் கழுத்து, மீட்டரின் மரை, திருகு என்று ஓரிடம் விடாமல் தடவினார். கசிவு இருந்தால் நுரை கொப்பளிக்கும். ஒரு கொப்புளம் இல்லை. சரி, பார்ப்போம் என்று ஏ.சி.யை நிறுத்திவிட்டு டிப்போவுக்குப் போனார். மேற்கு ஜன்னல் வெயில் கால்மாட்டில் விழுகிற நேரத்தில் வீட்டுக்கு வந்து பார்த்தால், முள் மேலே ஏறியிருந்தது. இரவு படுக்கும்போது இருந்ததைவிடவும் ஏறியிருந்தது.

இங்கேதான் அவருக்கு உடம்பு சில்லிட்டது. கசிந்த காற்று போனதுதான். போன காற்று திரும்பி உள்ளே வருமா? இத்தனை வருஷத் தொழிலில் எந்தச் சிலிண்டரும் விட்டதைத் திரும்ப வாங்கிக்கொண்டதில்லை. விட்டு, வாங்கி, விட்டு, வாங்கி... அப்படிச் செய்கிற ஒன்றே ஒன்றுதான் உலகத்தில் உண்டு.

அன்று கூடத்தில் படுத்தார். தூக்கம் வரவில்லை. மூடிய கதவுக்கு அந்தப் பக்கம் தலையணை சரிவது போலிருந்தது. அவள் தொண்டையைச் செருமுவாள், ஒரு தடவை சின்னதாக, அப்புறம் பெரிதாக. அதுவும் கேட்டது. கேட்டதா, கேட்டது போலிருந்ததா என்று யாரிடம் போய் விசாரிப்பது? கரண்ட் கம்பத்தில் தொங்கியவன், ரவுடியின் சட்டையைப் பிடித்தவன் என்று பெயரெடுத்த மனிதர், தன் வீட்டுக் கதவைத் திறக்கப் பயந்து விடியும்வரை சுவரில் சாய்ந்து கிடந்தார்.

ஆனால் பயமும் பழகினால் பாயில் படுக்கும். சில நாளில் மறுபடி உள்ளே போனார். நாற்காலியைச் சிலிண்டருக்கு எதிரே இழுத்துப் போட்டுக்கொண்டார். காலையில் முள் இறங்கியிருக்கும். "என்னடி, இன்னைக்கு ரொம்ப இழுத்துட்ட போலிருக்கே," என்பார். பிற்பகல் ஏறியிருக்கும். "சரி சரி, மெதுவா விடு." உயிரோடிருந்தபோது அவளோடு இவ்வளவு பேசியவரில்லை. அவளே அந்தக் காலத்தில் சொல்லுவாள், "என்னைக் கட்டுனதுக்கு ஒரு மீட்டரைக் கட்டியிருக்கலாம் நீங்க" என்று. இப்போது இரண்டும் ஒன்றாகிவிட்டது.

முள் இறங்கும் ஒவ்வொரு காலையும் மருமகள்மேல் இருந்த வன்மம் மட்டும் ஏறியது. பார், அன்றைக்குக் கிடைக்காத காற்றை இன்னும் இழுத்துக்கொண்டிருக்கிறாள். தாகம் அடங்கவில்லை. மகன் சாப்பாட்டுக்கு உட்கார்ந்து தட்டில் கோலம் போட்டுவிட்டு எழுந்து போவான். உன் பெண்டாட்டியைக் கூட்டிக்கொண்டு வா என்று இவரும் சொல்லவில்லை. போகட்டுமா என்று அவனும் கேட்கவில்லை.

இப்படி இருக்கையில் அந்த வெல்டர் டிப்போவுக்கு வந்தான். துக்கம் விசாரித்துவிட்டுத் தலையைச் சொறிந்தான். "இந்த நேரத்துல சொல்றேன்னு கோவிச்சுக்காதீங்கண்ணே. என்னைப் பொய்க்காரன் மாதிரி ஆக்கினீங்கள்ல, அது மனசை அறுத்துக்கிட்டே இருந்துச்சு. வேலைக்கு லீவு விட்டுட்டு நானே சிலிண்டர் பக்கத்துல உக்காந்து பார்த்தேன். காலையில இறங்குது. தகரக் கூரை காஞ்சதும் ஏறுது. சாயங்காலம் மறுபடி இறங்குது. நான் தொடவே இல்ல."

முள்ளுக்காரர் எழுந்தே விட்டார். "உன் சிலிண்டர்ல யாருடா செத்தா?"

"என்னண்ணே?"

"ஒண்ணுமில்ல. போ."

அவன் போன பிறகும் அவர் நின்றுகொண்டே இருந்தார். அவனுடையதும் மூச்சு விடுகிறது என்றால், தன் வீட்டில் மூச்சு விடுவது யார்?

வேனை எடுத்துக்கொண்டு நேரே காற்று நிரப்பும் பிளான்ட்டுக்குப் போனார். அங்கே பொறுப்பிலிருந்த இன்ஜினியரம்மா டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் சுவரில் எண்கள் நிறைந்த ஒரு போர்டு. காலமெல்லாம் அவர் பார்த்துக்கொண்டு கடந்துபோன போர்டுதான். அது பிளான்ட்காரர்கள் சமாச்சாரம் என்று ஒருநாளும் நின்று கேட்டதில்லை.

"வாங்க ஐயா. என்ன, லோடு வரலியா?"

"லோடு இல்லம்மா. ஒரு கஸ்டமர் தகராறு. ராத்திரி நூறுல கோடு போட்டிருக்கு. விடிய விடியக் காத்து போயிருக்குங்கிறாங்க. மறுநாள் பார்த்தா முள்ளு அதே நூறுல நிக்குது. அப்ப காத்து போகலைன்னுதானே அர்த்தம்?"

"ராத்திரி சிலிண்டர் எங்க இருந்துச்சு?"

"ஏ.சி. ரூம்ல. இருபத்திரண்டு."

"மறுநாள் எங்க வச்சுப் பார்த்தாங்க?"

"வெளியில. வெயில்ல." கொஞ்சம் நிறுத்திச் சொன்னார், "கை வைக்க முடியல."

அவள் சிரித்தாள். "ஐயா, வெயில்ல வைக்காதீங்க, வெடிக்கும்னு ஊருக்கே சொல்றவர் நீங்க. ஏன் வெடிக்கும்? சூடு ஏறினா உள்ள அழுத்தம் ஏறும், அதனாலதானே? அழுத்தம் ஏறினா முள்ளு ஏறாதா?"

முள்ளுக்காரர் போர்டை நிமிர்ந்து பார்த்தார். வெடிக்கும் என்பது தெரியும். அது வேறு பேச்சு, முள் வேறு பேச்சு என்றே இத்தனை காலம் இருந்துவிட்டார். டிப்போவில் எல்லாம் நிழலில்தானே நிற்கும்.

"முள்ளு காட்டுறது காத்து எவ்வளவு இருக்குன்னு இல்ல. காத்தும் சூடும் சேர்ந்து சுவரை எவ்வளவு நெட்டித் தள்ளுதுன்னுதான் காட்டும். காத்து எவ்வளவுன்னு வேணும்னா அழுத்தத்தைச் சூட்டால வகுக்கணும். இந்தப் போர்டு அதுக்குத்தான். வெயில் காலத்துல ஒரு அளவு, குளிர் காலத்துல ஒரு அளவுன்னு பார்த்துத்தான் நாங்க நிரப்புறோம்." கையைத் துடைத்துக்கொண்டு கால்குலேட்டரை எடுத்தாள். "ரூம்ல இருபத்திரண்டு. கை வைக்க முடியாத இரும்புன்னா நாற்பத்தேழுன்னு வைங்க. ரெண்டோடயும் இருநூத்தி எழுபத்திமூணைக் கூட்டணும்."

"அது எதுக்கும்மா?"

"டிகிரி கணக்குல நம்ம சைபர் தண்ணி உறையுற இடத்துல வச்சது. காத்துக்கு நிஜமான சைபர் அதுக்கும் ரொம்பக் கீழ இருக்கு. அங்கருந்துதான் எண்ணணும். அப்ப ராத்திரி இருநூத்தித் தொண்ணூத்தஞ்சு, மறுநாள் முந்நூத்தி இருபது. வெயில்ல நூறு காட்டுற காத்து, அதே ரூமுக்குள்ள இருந்திருந்தா..." தட்டினாள். "தொண்ணூத்திரண்டுதான் காட்டியிருக்கும். எட்டு குறைஞ்சிருக்கு. முள்ளு ஒரு எண் இறங்கினா, சிலிண்டர் கொள்ளுற அளவு காத்து வெளிய போயிருக்குன்னு அர்த்தம். சிலிண்டர் நாற்பத்தேழு லிட்டர் கொள்ளுமா? எட்டு நாற்பத்தேழு, முந்நூத்தி எழுபத்தாறு லிட்டர். என்ன வேகத்துல போச்சு?"

"நிமிஷத்துக்கு ஒண்ணு."

"அப்ப ஆறு மணி நேரத்துக்கு மேலயே ஓடியிருக்கு. கொஞ்சம் முன்னப் பின்ன இருக்கலாம். ஆனா ஓடியிருக்கு. உங்க கஸ்டமர் பொய் சொல்லல ஐயா. யாரு அவங்க?"

பத்து மணியிலிருந்து ஆறு மணி நேரம். நாலு மணி தாண்டியிருக்கும் என்றாளே. முள்ளுக்காரர் வெளியே வந்து வேனில் உட்கார்ந்தார். சாவியைப் போட்டுவிட்டு, அதைத் திருகாமல் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.

அப்படியே மகனிடம் போய்ச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். ஜன்னல் வெயிலில் முள் ஏறியிருந்தது. அந்தக் கணக்கு மருமகளைக் காப்பாற்றும். ஆனால் அதே கணக்கு இந்த அறைக்குள்ளும் வரும். வெயில் பட்டால் ஏறும், குளிர்ந்தால் இறங்கும், அவ்வளவுதான் என்று சொல்லும். இங்கே யாரும் மூச்சு விடவில்லை என்று சொல்லும். ஒருத்தியை வீட்டுக்குள் அழைக்க வேண்டுமென்றால் இன்னொருத்தியை வெளியே அனுப்ப வேண்டும். அவர் உதட்டை இறுக்கிக்கொண்டார். மறுநாள் காலை முள் இறங்கியிருந்தபோது வழக்கம்போல, "என்னடி," என்றார். அதற்குமேல் வார்த்தை வரவில்லை. அதற்கடுத்த நாளும் அப்படித்தான்.

அந்த வாரம் மகன் அறை வாசலில் வந்து நின்றான். "அப்பா, அவ அண்ணன் ஆளனுப்பியிருக்கார். சேர்ந்து வாழப் போறியா, இல்ல தீர்த்துக்கப் போறியான்னு கேக்குறார். நீங்க சொல்லுங்க. நிஜமாவே அவ மூடினாளா? அவ மூடினான்னு நீங்க சொன்னா நான் நம்பிடுறேன்."

நம்பிடுறேன் என்றானே, அதுதான் அவரை உலுக்கியது. ஒரு தலையசைப்பு போதும். அறை அவருடையதாகவே இருக்கும், முள்ளும் இருக்கும், அவளும் இருப்பாள்.

"இதைப் பிடி," என்றார்.

இருவருமாகச் சிலிண்டரை உருட்டிக்கொண்டு போய்ப் பின்புறத்து வெயிலில் நிறுத்தினார்கள். அறைக்குள் பச்சரிசி அகலம் கீழே இருந்த முள், உச்சி சாய்வதற்குள் மெல்ல மெல்ல ஏறிச் சிவப்புக் கோட்டில் போய் உட்கார்ந்தது. மகன் அதைப் பார்த்தான். திருகு மூடியிருப்பதையும் பார்த்தான். இன்ஜினியரம்மா சொன்னதை அவர் தனக்குத் தெரிந்த மாதிரி சொன்னார். பாதியிலேயே அவனுக்குப் புரிந்துவிட்டது.

"எப்பலேர்ந்து தெரியும் உங்களுக்கு?"

"நாலஞ்சு நாளா."

அவன் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினான். அவரும் பின்னாலேயே போனார்.

அண்ணன் வீட்டுக் கூடத்தில் மருமகள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். எழுந்திருக்கவில்லை. முள்ளுக்காரர் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார்: இருபத்திரண்டு, நாற்பத்தேழு, முந்நூற்று எழுபத்தாறு லிட்டர். ஒப்பிக்கிற பிள்ளை மாதிரி சொல்லிமுடித்து, "உன்மேல தப்பில்லம்மா. கணக்குல வந்திருச்சு," என்றார்.

"கணக்கு சொன்னதும் நம்பிட்டீங்க," என்றாள் அவள். "நான் சொன்னப்ப நம்பல. அன்னைக்கும் முள்ளு, இன்னைக்கும் முள்ளு. அத்தை கடைசியா என்ன சொன்னாங்கன்னு இன்னிவரைக்கும் நீங்க ஒரு வார்த்தை கேக்கல மாமா."

அண்ணன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

முள்ளுக்காரர் கேட்டார், "என்ன சொன்னா?"

"குளிருதுன்னாங்க. ரொம்ப நேரமா சொல்லிக்கிட்டிருந்தாங்க. ரிமோட் உங்க பையில இருந்துச்சு. எழுப்பி வாங்கிட்டு வர்றேன்னேன். வேணாம், அவர் தூங்கட்டும், நீ என் பக்கத்துல ஒட்டி உக்காருன்னாங்க. போர்வைக்குள்ள கையை வச்சுத் தேய்ச்சுக்கிட்டே இருந்தேன். அப்படியே போயிட்டாங்க."

 அவள் மடித்த துணியை எடுத்து மறுபடி மடித்தாள்.

"வர்றேன்," என்றாள் கடைசியில், புருஷனைப் பார்த்து. "ஆனா அந்தச் சிலிண்டர் அந்த வீட்ல இருக்கக் கூடாது."

அன்று பிற்பகலே முள்ளுக்காரர் அதை வேனில் ஏற்றினார். யாரையும் கைபோட விடவில்லை. மீட்டரைக் கழற்றிச் சீட்டில் வைத்துக்கொண்டு பிளான்ட்டுக்குப் போனார். திரும்பி வரும் சிலிண்டரில் மிச்சமிருக்கும் காற்றை வெளியேற்றிச் சோதித்த பிறகுதான் புதிதாக நிரப்புவார்கள். நிரப்புகிற ஆள் அதைத் திறந்தவெளிக்குக் கொண்டுபோய்ச் சங்கிலியால் கட்டி நிறுத்தி, பிளான்ட் மீட்டரை மாட்டிப் பார்த்துக் கழற்றினான்.

"பாதிக்கு மேல இருக்கே. வெளிய விட்டுடவா?"

"விட்டுடு."

"தள்ளி நில்லுங்கண்ணே. சத்தமா வரும்."

அவர் தள்ளி நிற்கவில்லை. வால்வைத் திருகியதும் காற்று சீறிக்கொண்டு வந்தது. வெயிலில் வந்த சிலிண்டர்தான், ஆனால் அழுத்தத்திலிருந்து விடுபடும் காற்று குளிர்ந்துதான் வரும். முகத்தில், கழுத்தில், சட்டைக்குள் எல்லாம் அது ஏறியது. சிலிண்டரின் கழுத்தில் ஈரம் கோத்தது. சீற்றம் குறைந்து, முனகலாகி, முனகலும் நிற்கிற வரைக்கும் முள்ளுக்காரர் அதன் எதிரிலேயே நின்றார். பல் கிட்டிப்போயிருந்தது.

"என்னண்ணே, நடுங்குறீங்க?" என்றான் அந்த ஆள்.

"குளிருது," என்றார்.